டிவி ஃப்ரீ, பில்லு தனி

வானகரம் - அம்பத்தூர் ரோட்டுல கம்பத்துக்குக் கம்பம் ஒரு தட்டி தொங்குது. பிராட்பேண்ட் வாங்கினா டிவி இலவசம், இத்தனை நூறு சேனல், இத்தனை ஓடிடி. மூணு நாலு கம்பெனிக்காரங்க போட்டி போட்டுக் கட்டியிருக்காங்க. கலர் வேற, லோகோ வேற, ஆனா எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. 'இலவசம்'ங்கற எழுத்துக்குப் பக்கத்துல கொசு சைஸுல ஒரு நட்சத்திரக் குறி. இந்தப் பதிவு அந்தக் கொசுவைப் பத்தினது. கொஞ்சம் நீளம். பொறுமை இருக்கறவங்க உள்ள வாங்க, இல்லாதவங்க நேரா கீழ போய் திட்டிட்டுப் போங்க. (திட்டறதுக்கு முழுசா படிச்சிருக்கணும்னு சட்டமா இருக்கு?)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். இலவசச் சேனல்னு ஒரு ஜாதி இருக்கு. அதைப் பார்க்க சேனல்காரன் நம்மகிட்ட ஒரு பைசா கேக்கறதில்லை, விளம்பரத்துல சம்பாதிச்சுக்கறான். இன்னொரு பக்கம், வீட்டுக்கு வர்ற இண்டர்நெட் ஒயருக்கு நாம ஏற்கனவே மாசாமாசம் காசு கட்டறோம். கேக்காத காசு ஒண்ணு, கட்டிட்ட காசு ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு டிவி பில்லு எங்கேர்ந்து வருது? சேனல்காரங்களும் பிராட்பேண்ட்காரங்களும் ஒரு மேஜைல உக்காந்து பேசினா, யார்கிட்ட இணைப்பு வாங்கினாலும், எந்த டிவி வச்சிருந்தாலும், இலவசச் சேனல் அத்தனையும் சந்தா இல்லாம வந்து விழணும். தொழில்நுட்பத்துல தடை எதுவும் இல்லை. மனசுலதான் இருக்கு.

கணக்கைப் பார்ப்போம். நம்ம நாட்டுல அனுமதி வாங்கின சாட்டிலைட் சேனல் சுமார் 900. அதுல கட்டணச் சேனல் 350 சொச்சம்தான். மிச்சம் பாதிக்கு மேல இலவச ஒளிபரப்பு. ஆனா இந்த இலவசத்தைப் பார்க்க 2019 பிப்ரவரி 1லேர்ந்து டிராய் ஒரு ரேட் போட்டுச்சு. நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 153 ரூபாய் 40 காசு, அதுக்கு 100 சேனல். 2020ல 'சரி பாவம்'னு அதே 130க்கு 200 சேனல்னு ஆக்கினாங்க. 2024 ஜூலைல அந்த உச்சவரம்பையே எடுத்துட்டாங்க. இனிமே கேபிள்காரங்களும் டிடிஎச்காரங்களும் அவங்களே நிர்ணயிச்சுக்கலாம்.

இதுல ஒரு அழகு பாருங்க. இலவசச் சேனல் நடத்தறவன் தன் சேனலைக் கேபிள்ல, டிடிஎச்ல ஏத்தறதுக்கு அவங்களுக்குக் கட்டணம் குடுக்கறான். அதே சேனலைப் பார்க்கறதுக்கு நாம நெட்வொர்க் கட்டணம் குடுக்கறோம். ஏத்தறதுக்கும் கூலி, இறக்கறதுக்கும் கூலி. கோயம்பேட்டுல மூட்டை தூக்கறவர் கூட ஒரு மூட்டைக்கு ஒரு கூலிதான் வாங்குவார்.

கேபிள் தனி ஒயர்ல வந்த காலத்துல இதுக்கு ஒரு நியாயம் இருந்தது. தெருத்தெருவா ஒயர் இழுத்தாங்க, மழை பெஞ்சா ஏணி தூக்கிட்டு வந்தாங்க. இப்ப? அதே அண்ணன் அதே ஃபைபர்லதான் நெட்டும் தர்றார், டிவியும் தர்றார். ஒரே ஒயர். போன தீபாவளிக்கு முன்னாடி எங்க ஏரியா ஆளுகிட்ட பேசினது அப்படியே:

"அண்ணே, டிவி வேணாம், நெட்டு மட்டும் போதும். பில்லுல எவ்ளோ குறையும்?"

"குறையாது தம்பி. டிவி ஃப்ரீதானே? ஃப்ரீயை எடுத்தா என்னத்த குறைக்கறது?"

"சரிண்ணே, அப்ப நெட்டு வேணாம். டிவி மட்டும் குடுங்க."

"அதுக்கு மாசம் முந்நூறு ஆவும்."

"இப்பதானே ஃப்ரீன்னீங்க?"

"நெட்டு வாங்கினாத்தான் தம்பி ஃப்ரீ."

ஙே! வேணாம்னா விலை பூஜ்யம், வேணும்னா முந்நூறு. காலேஜ்ல நாலு வருஷம் கணக்கு படிச்சதுல இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை. அவரைக் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லை, மேல இருக்கறவன் என்ன பேக்கேஜ் குடுக்கறானோ அதை விக்கறார். ஆனா தட்டில இருக்கற நட்சத்திரக் குறிக்கு இதை விடத் தெளிவா யாராலயும் விளக்கவுரை எழுத முடியாது.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்த வலி புதுசில்லை. 2003 செப்டம்பர் 1, நாட்டுலயே சென்னைல மட்டும் செட்டாப் பாக்ஸ் திட்டம் வந்துச்சு. டெல்லி, மும்பை, கல்கத்தா எல்லாம் தப்பிச்சுக்கிச்சு, நாம சோதனை எலி. 2006 தேர்தல்ல கலர் டிவி இலவசம்னு சொன்னாங்க, சொன்னபடி குடுத்தாங்க, மொத்தத்துல ஒன்றரைக் கோடிக்கும் மேல. டிவி இலவசம், அதுல படம் தெரிய மாசாமாசம் கேபிள் காசு. அந்த டிவி எத்தனை கேபிள் இணைப்பை வித்துக் குடுத்திருக்கும்னு யாராவது ஒரு பிஎச்டி பண்ணலாம்.

அப்புறம் அரசு கேபிள். 2007ல ஆரம்பிச்சது. அப்ப ஆளும் குடும்பத்துக்குள்ள நடந்த சண்டை ஊரறிஞ்சது, சண்டை தீர்ந்ததும் அரசு கேபிள் ஓரமாப் போய் படுத்துக்கிச்சு. 2011ல ஆட்சி மாறி, மாசம் 70 ரூபாய்னு மறுபடி எழுப்பினாங்க. டிஜிட்டல் லைசன்ஸுக்கு 2012ல விண்ணப்பம் போட்டு, டெல்லிலேர்ந்து 2017 ஏப்ரல்லதான் கிடைச்சது. அஞ்சு வருஷம்! 2019ல மாசக் கட்டணத்தை 130 ரூபாய் பிளஸ் ஜிஎஸ்டின்னு குறைச்சாங்க. 2022 நவம்பர்ல பாக்ஸுக்குள்ள இருக்கற மென்பொருள் தகராறுல லட்சக்கணக்கான வீட்டுல திடீர்னு திரை கருப்பாச்சு. மென்பொருள் தனியார்கிட்ட இருந்தா, போர்டுல 'அரசு'ன்னு எழுதியிருந்தும் பிரயோஜனமில்லைன்னு அன்னிக்குத் தெரிஞ்சது. இது என் தொழில்ங்கறதால சொல்றேன், பாக்ஸோட சாவி யார் கையில இருக்கோ அவன்தான் முதலாளி.

பாக்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. கம்பெனி மாறினா சிம்மை மட்டும் மாத்தற மாதிரி, ஒரே செட்டாப் பாக்ஸை எந்த ஆப்பரேட்டர்கிட்டயும் பயன்படுத்தணும்னு டிராய் 2020 ஏப்ரல்லயே பரிந்துரை பண்ணிடுச்சு. பரிந்துரை நல்லா ஆரோக்கியமா ஃபைலுக்குள்ள இருக்கு. நம்ம வீட்டுப் பரண்ல மூணு கம்பெனியோட செத்த பாக்ஸும் ஆரோக்கியமா இருக்கு.

'சும்மா குடுத்தா சேனல்காரன் எப்படிப் பொழைப்பான்?'னு கேக்கறவங்களுக்கு: அவன் ஏற்கனவே சும்மாதான் குடுத்துக்கிட்டு இருக்கான் சாமி. தமிழ் நியூஸ் சேனல் பேரு ஒண்ணு சொல்லுங்க. சன் நியூஸ், புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், எல்லாமே யூடியூப்ல இருபத்துநாலு மணி நேரமும் லைவ்ல ஓடுது. சந்தா கிடையாது. அதே சேனலைக் கேபிள்ல பார்த்தா நெட்வொர்க் கட்டணம். யூடியூப் மட்டும் தர்மத்துக்கா பண்றான்? சாதாரண வீடியோக்கு வர்ற விளம்பரக் காசுல 100க்கு 45 அவன் எடுத்துக்கிட்டு 55தான் வீடியோ போட்டவருக்குத் தர்றான். மதுரவாயல்ல உக்காந்திருக்கறவன் எக்காட்டுதாங்கல்லேர்ந்து வர்ற செய்தியைப் பார்க்கறான், நடுவுல கலிஃபோர்னியாக்காரனுக்குக் கப்பம். இந்த நஷ்டத்துக்கு ஒத்துக்கற சேனல்காரங்க, நம்மூரு பிராட்பேண்ட்காரனோட சேர்ந்து நேரா வீட்டுக்குக் குடுக்க மட்டும் யோசிக்கறாங்க.

கட்சிக்கு ஒரு சேனல் வச்சிருக்கற மாநிலம் இது. கலைஞர், ஜெயா, நியூஸ் ஜே, மக்கள், கேப்டன், மெகா, வசந்த்னு லிஸ்ட் போட்டா ஒரு ஊர்வலமே வரும். இவங்களுக்கு நம்மகிட்ட வேண்டியது காசு இல்லை, கண்ணு. எல்லா வீட்டுக்கும் சந்தா இல்லாம போகுதுன்னா முதல் வரிசைல நிக்க வேண்டியவங்க இவங்கதான். ஆனா ஒருத்தர் கூட வாயைத் திறக்கலை. அவ்வ்வ்.

சரி, கொஞ்சம் ஆணி புடுங்கற மொழில பேசறேன். புரியாதவங்க ரெண்டு பத்தி தாண்டிக்குங்க.

ராத்திரி 9 மணிக்கு ஒரு அபார்ட்மெண்ட்ல 500 வீடு ஒரே சீரியலைப் பார்க்குதுன்னு வைங்க. ஹெச்டி தரத்துக்கு நொடிக்கு ஒரு 5 மெகாபிட். யூடியூப் மாதிரி ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்பினா 2500 மெகாபிட், அதாவது ரெண்டரை கிகாபிட். அதையே மல்டிகாஸ்ட்டா அனுப்பினா மெயின் லைன்ல 5 மெகாபிட். அவ்வளவுதான். ஒரு நகல் வரும், பிரியற இடத்துல பிரியும். கோயில்ல ஒரு மைக்ல பாட்டு போட்டு தெருவுக்குத் தெரு குழாய் கட்டற மாதிரி, வீட்டுக்கு வீடு பாடகரைக் கூட்டிட்டுப் போறதில்லை. 300 இலவசச் சேனலையும் ஹெச்டிலயே அனுப்பினாலும் மொத்தம் ஒன்றரை கிகாபிட். பத்து கிகாபிட் போர்ட் ஒண்ணுல ஒரு மூலைல உக்காந்துக்கும். பிராட்பேண்ட்காரன் 'சர்வர் செலவு, பேண்ட்விட்த் செலவு'ன்னு அழுதா நம்பாதீங்க. உண்மைல நாம யூடியூப்ல லைவ் பார்க்கறதை நிறுத்தினா அவனுக்குப் பாரம் குறையும்.

இதைச் சேனலுக்கு ஒரு ஒப்பந்தம், கம்பெனிக்கு ஒரு ஆப்னு பண்ணாம, சேனல்காரங்க எல்லாரும் சேர்ந்து சென்னைல இருக்கற இணையப் பரிமாற்ற மையத்துல (நிக்ஸி நடத்தறது) தங்களோட இலவச ஒளிபரப்பைக் கொண்டு வந்து வச்சா போதும். பெரிய கம்பெனியா இருந்தாலும் சரி, அயனம்பாக்கத்துல 400 வீட்டுக்கு நெட்டு குடுக்கற சின்ன ஆளா இருந்தாலும் சரி, அங்கேர்ந்து எடுத்துக்கலாம். சேனல் பட்டியலும் நிகழ்ச்சி நேரமும் ஒரு பொது வடிவத்துல இருந்தா எந்த ஸ்மார்ட் டிவியும் படிச்சுக்கும். இதுல புதுசா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லை.

'நெட் நியூட்ராலிட்டிக்கு இது ஆகாதே'ன்னு நம்ம பதிவர்கள்ல ரெண்டு பேராவது கேப்பாங்க. நியாயமான கேள்வி. 2016 பிப்ரவரி 8ல டிராய் போட்ட விதிப்படி, ஒரு தளத்துக்கு ஒரு ரேட், இன்னொரு தளத்துக்கு வேற ரேட்னு டேட்டா விக்கக்கூடாது. ஆனா கம்பெனியோட சொந்த மூடின நெட்வொர்க்குக்கு அதுல விலக்கு இருக்கு. இன்னிக்கு கம்பெனிகளோட ஐபி டிவி எல்லாம் அந்த மூடின நெட்வொர்க் வழியாதான் வருது. என் பயமே இங்கதான். ஒவ்வொருத்தனும் தன் காம்பவுண்டுக்குள்ள தனித்தனி டிவி கட்டினா, அடுத்த வருஷம் கம்பெனி மாத்த நினைக்கறவன் டிவியை இழப்பான். எல்லாரும் ஒரே பொதுக் கிணத்துல இறைச்சா இந்தப் பிரச்சினை இல்லை. யாருக்கும் தனிச் சலுகை இல்லாத இடத்துல பாரபட்சம் எங்கேர்ந்து வரும்?

இதெல்லாம் கற்பனை இல்லை, பாதி நடந்துடுச்சு. 2024 அக்டோபர்ல பிஎஸ்என்எல் ஐஎஃப்டிவின்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. முதல்ல மத்தியப் பிரதேசத்துலயும் நம்ம தமிழ்நாட்டுலயும்தான். ஃபைபர் இணைப்பு வச்சிருக்கறவங்களுக்கு 500 லைவ் சேனல், செட்டாப் பாக்ஸ் வேணாம், பார்க்கற டேட்டா உங்க கணக்குல ஏறாது. மனசாரப் பாராட்டறேன். அதுக்கு அடுத்த மாசம், நவம்பர் 20ஆம் தேதி, கோவா திரைப்பட விழால பிரசார் பாரதி வேவ்ஸ்னு ஓடிடி விட்டாங்க. 65 லைவ் சேனல், தமிழ் உட்பட பன்னிரண்டு மொழிக்கு மேல. (சிலதுக்குக் காசு கட்டற திட்டமும் உள்ள ஒளிஞ்சிருக்கு. நட்சத்திரக் குறி அரசாங்கத்தையும் விடலை.)

இப்ப யோசிங்க. பிஎஸ்என்எல்லும் மத்திய அரசோடது, பிரசார் பாரதியும் மத்திய அரசு காசுல நடக்கறது. ஒருத்தன்கிட்ட ஒயரு, ஒருத்தன்கிட்ட சேனல். இந்தப் பக்கம் மாநில அரசுகிட்ட அரசு கேபிள் ஒரு கம்பெனி, 12,525 கிராமப் பஞ்சாயத்துக்கு ஃபைபர் போடறதுக்குன்னு டான்ஃபினெட் ஒரு கம்பெனி. சேனலும் இருக்கு, ஒயரும் இருக்கு. நாலு பேரும் ஒரு டீக்கடைல சந்திச்சாக் கூட வேலை முடிஞ்சுடும். ஆனா ஐஎஃப்டிவி பிஎஸ்என்எல் வாடிக்கையாளருக்கு மட்டும், வேவ்ஸ் தனி ஆப், அரசு கேபிளுக்குத் தனி பாக்ஸ். கிணறு வெட்டறதுல நாலு பேருக்கும் போட்டி, தண்ணிதான் ஊருக்கு வந்தபாடில்லை.

தனியார் பக்கம் கேக்கவே வேணாம். ஏர்டெல் 2025 மார்ச்ல 2000 நகரங்கள்ல ஐபி டிவி ஆரம்பிச்சாங்க, ஆரம்ப விலை 699 ரூபாய், 350 சேனல். ஜியோவும் இதே ரூட்தான். இவங்க 'ஃப்ரீ' எப்படி இருக்கும்னு தெரியணும்னா கிரிக்கெட்டைப் பாருங்க. 2022 கால்பந்து உலகக் கோப்பையும் 2023 ஐபிஎல்லும் ஜியோசினிமால சும்மா காட்டினாங்க. ஊரே வாயைப் பொளந்துச்சு. 2025 பிப்ரவரில ஹாட்ஸ்டாரோட சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆச்சு, அந்த வருஷ ஐபிஎல்லுக்குச் சந்தா, இல்லேன்னா 299 ரூபாய்க்கு ரீசார்ஜ். ஒரு கம்பெனி தன் இஷ்டத்துக்குக் குடுக்கற இலவசத்தை அதே இஷ்டத்துக்கு எடுத்துக்கும். விதியா இருந்தாத்தான் நிக்கும்.

கிரிக்கெட்னதும் இன்னொண்ணு. முக்கியமான விளையாட்டு ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோட பகிர்ந்துக்கணும்னு 2007லயே சட்டம் இருக்கு. ஆனா அதைத் தூர்தர்ஷன் ஆண்டெனாலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் காட்டலாம், கேபிள்காரனுக்கோ தனியார் டிடிஎச்சுக்கோ குடுக்கக்கூடாதுன்னு 2017 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. சட்டம் எழுதின காலத்துல டிவின்னா ஆண்டெனா, டிஷ். பிராட்பேண்ட்ங்கற வார்த்தையே அதுல இல்லை. நாட்டுக்கு முக்கியமான மேட்ச்னு அரசாங்கமே பட்டியல் போட்டு, அதை நாட்டு மக்கள் பார்க்கற ஒயர்ல வராம பண்ணி வச்சிருக்கோம்.

'ஏம்பா, அதான் ஃப்ரீ டிஷ் இருக்கே, ஒருதடவை டிஷ் வாங்கினா ஆயுசுக்கும் சந்தா இல்லையே'ன்னு சொல்லலாம். 2004 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு நாட்டுல 4 கோடி வீட்டுக்கு மேல இருக்குன்னு மதிப்பிடறாங்க. நல்ல திட்டம், யாருக்குன்னா வடக்க இருக்கறவங்களுக்கு. இடத்தை ஏலம் விடறாங்க, ஏலத்தை எடுக்கறது பெரும்பாலும் ஹிந்தி சினிமா, ஹிந்தி நியூஸ், ஹிந்தி சீரியல். பெரிய நெட்வொர்க்குகளே தங்களோட ஹிந்தி சேனல் சிலதை அங்க சும்மா விட்டுட்டு, அதையே கேபிள்ல காசுக்கு வித்தாங்க. இது என்ன நியாயம்னு, அங்க சும்மா வர்ற சேனல் எல்லா இடத்துலயும் இலவசமா இருக்கணும்னு 2024 ஜூலைல டிராய் சொல்ல வேண்டி வந்துச்சு. நம்ம பக்கம் டிடி தமிழைத் (அதான் பொதிகை, 2024 ஜனவரில பேர் மாத்தினாங்க) தாண்டி பெருசா சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்லை. அதோட வாடகை வீட்டு மொட்டை மாடில டிஷ் வைக்க ஹவுஸ் ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கறது விசா வாங்கறதை விடக் கஷ்டம்.

இந்த மாதிரி ஒரு கூட்டு உலகத்துல வேற எங்கயாவது நடந்திருக்கான்னா, நடந்திருக்கு. பிரிட்டன்ல 2008 டிசம்பர்ல பிபிசி, ஐடிவி, பிராட்பேண்ட் கம்பெனியான பிடி மூணும் சேர்ந்து புராஜெக்ட் கேன்வாஸ்னு அறிவிச்சாங்க. இலவச டிவியும் இண்டர்நெட்டும் ஒரே பாக்ஸ்ல, சந்தா கட்டாயம் இல்லை. ஸ்கை, வர்ஜின் மாதிரி கட்டண டிவிக்காரங்க குதிச்சாங்க, புகார் மேல புகார். இழுத்து இழுத்து 2012 ஜூலைல யூவியூன்னு பேர் மாறி வெளிய வந்துச்சு. கடைல பாக்ஸ் விலை 299 பவுண்டு. அவ்வளவு விலைக்கு யார் வாங்குவா? பிடியும் டாக்டாக்கும் தங்களோட பிராட்பேண்ட் பேக்கேஜோட சேர்த்துக் குடுத்தாங்க, கடைசில அது பிராட்பேண்ட்காரனோட பாக்ஸ் ஆகிடுச்சு. சந்தா இல்லாத டிவின்னு கிளம்பினது பிராட்பேண்ட் சந்தாவோட வாலைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நம்ம தெரு தட்டில இருக்கற அதே நட்சத்திரக் குறி.

ஆனா அவங்க அதோட விடலை. 2024 ஏப்ரல்ல பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 நாலும் சேர்ந்து ஃப்ரீலின்னு விட்டாங்க. புது டிவிக்குள்ளயே இருக்கும், எந்தக் கம்பெனி பிராட்பேண்டா இருந்தாலும் லைவ் சேனல் வரும், ஆண்டெனா வேணாம், மாசச் சந்தா வேணாம். அங்க டிவி லைசன்ஸ்னு ஒண்ணு இருக்கு, 2025 ஏப்ரல் கணக்குப்படி வருஷத்துக்கு 174.50 பவுண்டு, அதை மறைச்சா நான் நேர்மையானவன் இல்லை. ஆனா அந்தக் காசு நிகழ்ச்சி எடுக்கறதுக்குப் போகுது, ஒயர்காரனுக்கு இல்லை. கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். பிராட்பேண்ட்காரன் கையில ஸ்டியரிங் இருந்தப்ப வண்டி கட்டணத்துப் பக்கம் போச்சு. சேனல்காரங்க ஒண்ணாச் சேர்ந்து ஓட்டினப்ப இலவசத்துப் பக்கம் வந்துச்சு. அதனாலதான் பொதுப் பரிமாற்ற மையம், பொதுப் பட்டியல்னு கத்திக்கிட்டு இருக்கேன்.

கேபிள் அண்ணன்கள் பொழைப்பு என்னாகும்? இந்தக் கேள்வியை நான் சுலபமா தாண்ட மாட்டேன். இருபது, முப்பது வருஷமா தெருவுல ஒயர் புடிச்சவங்க. ஆனா கட்டண டிடிஎச் இணைப்பே 2020ல 7 கோடிக்குப் பக்கத்துல இருந்தது 2025 மார்ச்ல 5.7 கோடிக்கு இறங்கிடுச்சு. கேபிள் கதையும் அதேதான். ஜனங்க டிவி பில்லை வெட்டறாங்க, நெட்டு பில்லை வெட்டறதில்லை. அண்ணனோட எதிர்காலம் நெட்டுலதான் இருக்கு. பெரிய கம்பெனி 'டிவி ஃப்ரீ'ன்னு தட்டி கட்டும்போது சின்ன ஆப்பரேட்டரால சேனல் சேனலா ஒப்பந்தம் போட முடியாது, அவர் தோத்துருவார். பொது மையத்துலேர்ந்து எடுத்துக்கலாம்னா அவரும் அதே இலவச டிவியைக் குடுக்கலாம். இந்த ஏற்பாட்டால முதல்ல பொழைக்கறது அவர்தான்.

இன்னொரு ஆட்சேபணை நானே வைக்கறேன், ஏன்னா யாரும் வைக்கறதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க பக்கம் கரண்டும் இல்லை, ஃபைபரும் இல்லை, போன் டவரும் படுத்துடுச்சு. எல்லாத்தையும் ஒரே ஒயர்ல விட்டா அந்த ஒயர் அறுந்த அன்னிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட கதைதான். அதனால ஆண்டெனா டிவியையும் சாகடிக்கக்கூடாது. 2016 பிப்ரவரில சென்னை உட்பட 16 நகரத்துல தூர்தர்ஷன் டிஜிட்டல் ஆண்டெனா ஒளிபரப்பு ஆரம்பிச்சுது, அஞ்சு சேனல். உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க. அதான். விளம்பரம் பண்ணாத இலவசமும் இல்லாத இலவசமும் ஒண்ணுதான்.

'போயும் போயும் டிவிக்கு இவ்ளோ பெரிய பதிவா, சீரியல் பார்க்காம செத்தா போயிடுவாங்க'ன்னு சில அறிவுஜீவிகள் சொல்வாங்க. 2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடம் மூடினப்ப அரசுப் பள்ளிப் பசங்களுக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சிலதான் வந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச சேனல், அரசு கேபிள்ல 200ஆம் நம்பர். வேற கேபிளோ டிடிஎச்சோ வச்சிருந்த வீட்டுல அது எந்த நம்பர்ல வருது, வருதா இல்லையான்னு தேடணும். வருமானம் நின்னு போய் கேபிளையே வெட்டின வீட்டுல? பாடமும் கட்டு. அரசாங்கம் நம்ம காசுல எடுத்த பாடம், அரசாங்கச் சேனல், அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பையனோட அப்பா ஒயர்காரனுக்கு மொய் எழுதணும். வானகரம் மீன் மார்க்கெட்ல விடியற்காலை வேலைக்கு வந்துட்டுப் போறவங்க வீட்டுக்கெல்லாம் 300 ரூபாய்ங்கறது பேச்சுக்கு ஒரு நம்பர் இல்லை.

அலைவரிசை பொதுச் சொத்துன்னு 1995 பிப்ரவரி 9ல உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்காள கிரிக்கெட் சங்கம் வழக்கு. முப்பது வருஷம் தாண்டிடுச்சு. சேனல்காரன் அந்தப் பொதுச் சொத்துல மேல ஏத்தி, அதுலயே கீழ இறக்கறான். கடைசி நூறு மீட்டர் ஒயர்ல வந்ததும் அது தனியார் தோட்டம் ஆகிடுதா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. கட்டணச் சேனலைச் சும்மா குடுன்னு கேக்கலை, மேட்ச் வேணுங்கறவன் காசு குடுத்துப் பார்க்கட்டும். இலவசம்னு பதிவு பண்ணின சேனலை எந்த பிராட்பேண்ட்காரனும் தனிக் கட்டணம், பேக்கேஜ், பாக்ஸ் எதுவும் இல்லாம கொண்டு வந்து சேர்க்கணும், டேட்டாக் கணக்குல ஏத்தக்கூடாதுன்னு டிராய் ஒரு பக்கத்துல விதி எழுதட்டும். டிவியை விட்டுட்டு நெட்டு மட்டும் வாங்கறவனுக்கு டிவியோட விலை எவ்வளவுன்னு பில்லுல தனி வரில போடட்டும், பூஜ்யம்னா பூஜ்யம்னு போடட்டும். அரசு கேபிளும் டான்ஃபினெட்டும் முதல் சோதனையை ஒரு மாவட்டத்துல பண்ணட்டும், கல்வித் தொலைக்காட்சியை முதல் சேனலா வச்சு.

டிராய் கருத்து கேக்கறப்ப கம்பெனிக்காரங்க நாப்பது பக்கத்துக்கு வக்கீல் வச்சு எழுதறாங்க. நம்ம பக்கத்துலேர்ந்து நாலு வரி கூடப் போறதில்லை. அடுத்த தடவை போடற கடிதத்துக்கு எனக்குக் கொஞ்சம் தகவல் வேணும். உங்க ஃபைபர் பில்லை எடுத்துப் பாருங்க. டிவிக்குன்னு தனியா எவ்வளவு போட்டிருக்காங்க, டிவி வேணாம்னா எவ்வளவு குறைப்பாங்கன்னு உங்க ஏரியா அண்ணன்கிட்ட கேட்டு, ஊர் பேரோட பின்னூட்டத்துல போடுங்க. கம்பெனி பேர் வேணாம்.

டிஸ்கி: 'நீ முதல்ல டிவி பார்க்கறதை நிறுத்து'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு.